எதிரணியின் 21ஆம் எண்: மதுரையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

வெள்ளிக்கிழமை, இரவு

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்காக, 21ஆம் எண் சட்டையில், 19 பருவங்கள் ஆடிய டிம் டங்கனை நான் முதன்முதலில் பார்த்தது மதுரையில்தான். கல்லூரி விடுதியின் தொலைக்காட்சி அறையில், ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் ரசிகனாக, இந்த மனிதர் ஒரு முறையாவது நிலைகுலைய மாட்டாரா என்ற ஏக்கத்தோடு கல்லூரிக் காலம் முழுவதும் அவரைப் பார்த்தேன். அவர் 2016இல் ஓய்வு பெற்றார். இன்று என்னிடம் யாரேனும் கூடைப்பந்தை எப்படி ஆட வேண்டும் என்று கேட்டால், நான் முதலில் எடுத்துக்காட்டுவது அவருடைய ஆட்டத்தைத்தான். ஒரு காலத்தில் எரிச்சலூட்டிய அதே குணங்கள் பின்னாளில் எப்படி மதிப்புக்குரியவையாகத் தெரிந்தன என்பதை, அது தொடங்கிய ஊரிலேயே இருந்து, அன்றன்று எழுதிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் இந்தக் குறிப்புகளைத் தொடங்குகிறேன்.

பயணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்கா மகள் பள்ளியின் கூடைப்பந்து அணியில், கூடைக்கு அருகில் நின்று ஆடும் 'போஸ்ட்' இடத்தில் ஆடுகிறாள். இந்த வாரம் அவளுக்கு ஆட்டங்கள் இருக்கின்றன. "மாமா, நீங்க வந்தே ஆகணும்" என்று தொலைபேசியில் அவள் சொன்ன தொனியில் மறுப்பதற்கு இடமில்லை.

வைகை எக்ஸ்பிரஸ் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதுக்கு மேல் ஆகியிருந்தது. சிம்மக்கல், கோரிப்பாளையம், தல்லாகுளம் என்று புதூர் வரைக்கும் ஆட்டோவில் வரும் வழியில் கடைகள் எல்லாம் திறந்தே இருந்தன. தூங்கா நகரம் என்ற பெயர் இந்த ஊருக்குச் சும்மா வரவில்லை. விடியற்காலை ஆட்டங்களைப் பார்ப்பதற்காகக் கண்விழித்துக் கிடந்த எங்களுக்கு இரவு இரண்டு மணிக்கும் சூடான இட்லி கிடைத்த ஊர் இது.

சனிக்கிழமை, காலை

ஆறு மணிக்கெல்லாம் பயிற்சி. சிமெண்டுத் தரை, கோடுகளில் வண்ணம் பாதி உதிர்ந்திருக்கிறது, ஒரு பக்கத்துக் கூடையில் வலை இல்லை. பயிற்சியாளர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். விசிலை வாயில் வைத்துக்கொண்டே பேசக்கூடியவர். இன்று அவர் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது போர்டு ஷாட் ஒன்றை மட்டுமே.

கூடைக்குப் பின்னால் நிற்கும் பலகை 1.80 மீட்டர் அகலமும் 1.05 மீட்டர் உயரமும் கொண்டது. அதன் நடுவே, வளையத்துக்குச் சற்று மேலே, 59 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு சிறிய கட்டம் வரையப்பட்டிருக்கும். அந்தக் கட்டத்தின் மேல்மூலையில் பயிற்சியாளர் ஏணி வைத்து ஏறி, மின்வேலைக்குப் பயன்படும் கறுப்பு டேப்பில் விரல்நுனி அகலத்துக்கு ஒரு துண்டை ஒட்டினார். "வளையத்தைப் பார்க்காதேம்மா. டேப்பை மட்டும் பாரு. டேப்பைத் தொட்டா, கூடை தானா பார்த்துக்கும்" என்றார். அக்கா மகள் பக்கவாட்டில், ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் நின்றாள். முதலில் எறிந்த பந்துகள் பலகையில் வேகமாக மோதி வெளியே தெறித்தன. கையின் வேகம் குறைந்து, பந்து பலகையை மெல்ல உரசத் தொடங்கியதும், ஒன்றன்பின் ஒன்றாகக் கூடைக்குள் இறங்கின. பலகையின் வேலையே அதுதான்: பந்தின் வேகத்தை உறிஞ்சிக்கொண்டு அதன் திசையை வளையத்துக்குள் திருப்புவது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பொறியியலாளர்கள் 2011இல் கணினியில் இலட்சக்கணக்கான எறிதல்களை ஓட்டிப் பார்த்து, கூடைக்கு அருகில் பல கோணங்களில் நேரடியாக எறிவதைவிடப் பலகையில் பட எறிவது சுமார் 20 விழுக்காடு வரை கூடுதல் பலன் தரும் என்று கண்டார்கள்.

டங்கனின் பெயர் சொன்னதும் எனக்குக் கண்முன் வருவது இந்த எறிதல்தான். கூடைக்கு இடப்பக்கம், தரையில் கூடைக்கு முன்னால் வரைந்திருக்கும் பெரிய கட்டத்தின் விளிம்பில், முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்குவார். நிதானமாகத் திரும்பிக் கூடையை நோக்குவார். ஒரு காலை மட்டும் அரை அடி முன்னால் வைத்து, எதிராளி அதற்கு என்ன செய்கிறான் என்று பார்ப்பார். அவன் பின்வாங்கினால் எறிவார். நெருங்கினால் அவனைத் தாண்டிச் செல்வார். எறிந்தால் பந்து பலகையின் அந்த மூலையில் பட்டு உள்ளே இறங்கும். அதில் பாய்ச்சல் இல்லை, ஆரவாரம் இல்லை, வலையை மட்டும் தொட்டுச் செல்லும் பந்தின் அழகும் இல்லை. அவரோடு பலமுறை மோதிய ஆட்டக்காரர் ஷகீல் ஓ'நீல் அவருக்கு 'பிக் ஃபண்டமெண்டல்' (அடிப்படைகளில் பெரிய ஆள்) என்று பட்டப்பெயர் வைத்தது இதனால்தான். அவருடைய தலைமுறையில் பலர் இந்தப் போர்டு ஷாட்டைப் பழைய காலத்து ஆட்டம் என்று கைவிட்டிருந்தார்கள். 2.11 மீட்டர் உயரமுள்ள ஒருவர், தாவிப் போய் வளையத்தைப் பிடித்துத் தொங்கியிருக்கக்கூடியவர், இந்த அடக்கமான வழியையே தம் அடையாளமாக்கிக்கொண்டார்.

இன்று காலை திடலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தெளிவாயிற்று. டங்கனின் அசைவுகளை இவ்வளவு நுணுக்கமாக என்னால் சொல்ல முடிவதற்குக் காரணம், நான் அவருடைய ரசிகனாக இல்லாமல் இருந்ததுதான். தன் அணி ஆட்டக்காரனைப் பார்க்கும் ரசிகன் பந்து எப்போது உள்ளே போகும் என்று காத்திருக்கிறான். அதற்கு முன்னால் நடந்தது அவன் கண்ணில் பாதிதான் படும். எதிரணியின் பெரிய ஆட்டக்காரனைப் பார்க்கிறவனுக்கோ பந்து அவன் கைக்குப் போகும் முன்பே வயிற்றைக் கலக்கும். அவன் எங்கே நிற்கிறான், எந்தத் தோளைத் தாழ்த்துகிறான், எந்தக் காலில் எடையை வைக்கிறான் என்று எல்லாமே பதிந்துவிடும். எங்கள் சன்ஸ் அணியின் ஸ்டீவ் நேஷ் கொடுத்த அற்புதமான பாஸ்கள் பல எனக்கு இப்போது கலங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. டங்கனின் இடது தோள் அப்படியில்லை.

சனிக்கிழமை, இரவு

மாலையில் பழைய விடுதிப் பக்கம் போய்வந்தேன். கட்டடம் இருக்கிறது, தொலைக்காட்சி அறைதான் இல்லை. இன்றைய மாணவர்கள் எல்லாரும் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வாயில்காவலர் சொன்னார். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு, கீழவாசல் வழியாக நடந்து திரும்பினேன். ஊரைப் பற்றி இன்று இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது 2005ஐயும் 2007ஐயும் பற்றித்தான்.

சன்ஸ் அணியின் மீது எனக்கு ஏன் அவ்வளவு பற்று என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். 2003–04 பருவத்தில் 29 ஆட்டங்களில் மட்டுமே வென்றிருந்த அந்த அணி, ஸ்டீவ் நேஷ் வந்து சேர்ந்த அடுத்த பருவத்தில் 62 ஆட்டங்களில் வென்றது. பயிற்சியாளர் மைக் டி'அன்டோனி, பந்து கைக்கு வந்த ஏழு நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும் என்ற போக்கில் அணியை ஓடவிட்டார். நேஷ் 2005, 2006 ஆகிய இரு ஆண்டுகளும் தொடர்ந்து லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். விடுதியில் கூடைப்பந்து தெரியாதவர்கள்கூட அந்த ஆட்டத்தைப் பார்க்க எழுந்துவந்தார்கள். பந்து அவர்களிடம் இருக்கும்போது அறையே எழுந்து நிற்கும்.

2005இல் ஸ்பர்ஸ் அணியோடு மோதிய மேற்கு மாநாட்டு (லீகின் மேற்குப் பாதி அணிகளின்) இறுதிச் சுற்றில் சன்ஸ் அணியின் அமாரே ஸ்டௌடமயர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 37 புள்ளிகள் எடுத்தார். டங்கனுக்கு எதிராக எடுத்தார் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படியும் ஸ்பர்ஸ் அணி 4–1 என்று தொடரை வென்றது. இந்தக் கணக்கு அன்று எனக்குப் புரியவே இல்லை. ஒருவன் 37 எடுத்தும் அவன் அணி எப்படித் தோற்கும்? பழைய ஆட்டப் பதிவுகளை அண்மையில் மறுபடி போட்டுப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. ஸ்டௌடமயரை முழுவதுமாக மறிக்க முடியாது என்பதை ஸ்பர்ஸ் அணி ஏற்றுக்கொண்டு, மற்றவர்களின் எறிதல்களை அடைத்தது. மூன்று புள்ளிக் கோட்டில் (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) காத்திருந்த சன்ஸ் ஆட்டக்காரர்களை விட்டு ஸ்பர்ஸ் ஆட்டக்காரர்கள் நகரவே இல்லை. உள்ளே உதவிக்கு ஆள் வராத நிலையில், தம் தலைக்கு மேல் பந்து போய்க்கொண்டிருப்பதை உலகமே பார்க்கிறது என்று தெரிந்தும், டங்கன் அந்தத் திட்டத்துக்குள் நின்று ஆடினார். தன்மானம் உள்ள எந்த நட்சத்திர ஆட்டக்காரருக்கும் இது எளிதல்ல. அந்தத் தொடரில் அவர் செய்த மிகப் பெரிய காரியமாக நான் இன்று கருதுவது இதைத்தான்.

2007 வேறு கதை. அந்த ஆண்டு இரு அணிகளும் மோதிய தொடரின் முதல் ஆட்டத்தில் ஸ்பர்ஸ் அணியின் டோனி பார்க்கரோடு தலை மோதி நேஷின் மூக்கில் இரத்தம் நிற்காமல் வழிந்தது. நான்காவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஸ்பர்ஸ் அணியின் ராபர்ட் ஹாரி அவரை இடித்து மேசைப் பக்கம் தள்ளினார். அந்தக் கொதிப்பில் இருக்கையை விட்டு எழுந்து வந்ததற்காக சன்ஸ் அணியின் ஸ்டௌடமயருக்கும் போரிஸ் டியாவுக்கும் அடுத்த ஆட்டத்தில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அந்த ஐந்தாவது ஆட்டத்தில் சன்ஸ் மூன்றே புள்ளியில் தோற்று, அடுத்த ஆட்டத்தோடு வெளியேறியது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அதில் டங்கனின் பங்கு எதுவும் இல்லை. தள்ளியதும் அவரல்ல, தடை விதித்ததும் அவரல்ல. ஓர் அணியின் மீது வரும் கோபம், அந்த அணியின் முகமாக இருப்பவரின் மேல்தான் போய் உட்காருகிறது.

அந்த முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வென்றாலும் தோற்றாலும் ஒரே மாதிரி, கண்களை மட்டும் அகல விரித்து, நடுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதை நாங்கள் ஆணவம் என்று படித்துக்கொண்டோம். அதே 2007 ஏப்ரலில், இருக்கையில் உட்கார்ந்து சிரித்ததற்காக ஒரு நடுவர் அவரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றினார்; பின்பு லீக் அந்த நடுவரைத்தான் இடைநீக்கம் செய்தது. முகத்தில் எதையும் காட்டாதவர் என்று பெயரெடுத்தவருக்குச் சிரித்த குற்றத்துக்காகத் தண்டனை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை

விடுதியில் என்னோடு இருந்த நண்பர் ஒருவர் அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். எங்கள் அறையிலேயே ஸ்பர்ஸ் அணிக்கு ஆதரவாக இருந்த ஒரே ஆள் அவர்தான். இப்போது வயலும், ஒரு சிமெண்டுக் கடையும், ஒரு காளையும் அவருக்கு. காலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் "வா மாப்ள, நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்க. மாட்டை நீச்சலுக்குக் கொண்டுபோறோம்" என்றார்.

சல்லிக்கட்டுக் காளைகளுக்கு நடைப்பயிற்சி, மண் குத்தும் பயிற்சி ஆகியவற்றோடு நீச்சலும் உண்டு. கண்மாயில் தண்ணீர் தளும்பிக் கிடந்தது. நண்பரின் தம்பி நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்க, காளை முதலில் முழங்கால் நீரில் நின்று முரண்டு பிடித்தது. பிறகு ஒரே உந்தில் ஆழத்துக்குப் போய்விட்டது. தரையில் அத்தனை மூர்க்கமாகத் தெரிந்த விலங்கு, நீருக்குள் போனதும் மூக்கை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு, திமில் பாதி முழுகியும் முழுகாமலும், சீரான மூச்சோடு நீந்தியது. கரையேறியபோது அதன் விலாவில் தோல் துடித்துக்கொண்டிருந்ததை மிக அருகில் நின்று பார்த்தேன். மூட்டுகளுக்கு வலியில்லாமல் கால்களுக்கு வலுவும் நெஞ்சுக்கு மூச்சும் சேர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது என்றார் நண்பர். பிறகு, அவருக்கே உரிய தினுசில், "நம்ம ஆளும் நீச்சல்காரந்தான, தெரியும்ல?" என்றார்.

தெரியும். டங்கன் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயில் 1976 ஏப்ரல் 25 அன்று பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அவருடைய விளையாட்டு நீச்சல். அக்கா டிரிஷியா 1988 சியோல் ஒலிம்பிக்கில் வர்ஜின் தீவுகளுக்காக நீந்தியவர். தம்பியும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தபோது, 1989 செப்டம்பரில் வந்த ஹியூகோ புயல் அந்தத் தீவில் இருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல்குளத்தைச் சிதைத்துவிட்டது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றார்கள். சுறாமீன் பயத்தில் அவருக்கு அது ஒத்துவரவில்லை. அடுத்த ஆண்டு, அவருடைய பதினான்காவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், மார்பகப் புற்றுநோயால் தாய் இறந்துபோனார். அதன் பிறகு அவர் போட்டி நீச்சலுக்குத் திரும்பவே இல்லை. ஒன்பதாம் வகுப்பில், அக்காள் கணவரின் உதவியோடு, கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். பட்டப்படிப்பை முடிப்பேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக, பல கோடிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளும் இருந்து உளவியலில் பட்டம் பெற்றுவிட்டுத்தான் 1997இல் லீகுக்கு வந்தார். அந்த ஆண்டு புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுத்தபோது முதல் தேர்வு அவர்தான்.

கூடைப்பந்தைத் தாமதமாகத் தொடங்கியவரிடம் அடிப்படைகள் அத்தனை சுத்தமாக இருந்ததைப் பலர் வியப்பாகச் சொல்வார்கள். எனக்கு அது வியப்பாகத் தெரியவில்லை. நீச்சல்காரனுடைய நாள் என்பது ஒரே அசைவை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்வதுதான். எதிரில் ஆள் இல்லை, பார்க்கக் கூட்டம் இல்லை. சுவரைத் தொட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவே. அந்தப் பழக்கத்தோடு பந்தைத் தொட்டவருக்குப் போர்டு ஷாட்டை ஆயிரம் முறை எறிவது சுமையாக இருந்திருக்காது. இது என் ஊகம்தான். கண்மாய்க் கரையில் நிற்கும்போது எனக்கு அதில் ஐயம் ஏதும் எழவில்லை.

மதியம் கறிச்சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் பேச்சு 2008க்குப் போனது. ஏப்ரல் 19 அன்று நடந்த, இங்கே நள்ளிரவு தாண்டித் தொடங்கிய அந்த ஆட்டத்தை நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். கோப்பைக்கான தொடர்களில் ஸ்பர்ஸும் சன்ஸும் மோதிய முதல் சுற்றின் முதல் ஆட்டம். கூடுதல் நேரத்தில் சன்ஸ் மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கிறது, நேரம் முடியப்போகிறது. பந்து டங்கன் கைக்கு, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, போகிறது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஒரு மூன்று புள்ளிகூட எடுத்ததில்லை. அப்போது சன்ஸ் அணியில் இருந்த ஓ'நீல் அவரை மறிக்க வெளியே வரவில்லை. யாராக இருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள். டங்கன் எறிந்தார், பந்து உள்ளே போனது, ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரத்துக்குப் போய், ஸ்பர்ஸ் அணியின் மனு கினோபிலியின் கடைசி நொடிக் கூடையில் 117–115 என்று அவர்களுக்கு வெற்றியாக முடிந்தது. டங்கன் 40 புள்ளி எடுத்திருந்தார். அந்த மூன்று புள்ளியின்போது பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி எவ்வளவு என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது என்றேன். நண்பருக்கு நினைவில்லையாம். "நான் சந்தோஷத்துல குதிச்சேன்டா, அதுக்கப்புறம் ஒண்ணும் ஞாபகமில்ல" என்றார்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாடிவாசலிலிருந்து வந்த காளை யாருக்கும் பிடிபடாமல் போனால், ஒலிபெருக்கியில் "மாடு வெற்றி" என்று சொல்லி, மாட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பார்கள். அந்தக் காளை எந்த ஊர்க் காளை, எப்படித் திரும்பியது, எந்தக் கொம்பை முதலில் வீசியது என்பதையெல்லாம், அதனிடம் தூக்கியெறியப்பட்ட இளைஞர்கள்தான் பல ஆண்டுகள் கழித்தும் சரியாகச் சொல்வார்கள். வெறுப்பாகச் சொல்வதில்லை. நண்பரின் தம்பி, பக்கத்து ஊர்க் காளை ஒன்றைப் பற்றி இன்று அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். பேசும்போது அவருடைய கைகள் அந்தக் காளையின் கழுத்தைப் போலவே திரும்பின.

திங்கட்கிழமை

அக்கா மகளின் ஆட்டம். தோற்றுவிட்டார்கள். எதிரணியில் இடதுகைப் பழக்கமுள்ள ஒரு பெண், இவளைவிட உயரம் குறைவு, ஆனால் ரீபவுண்டுக்கு (உள்ளே போகாமல் திரும்பி வரும் பந்தை எடுக்க) எங்கே நிற்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவள். பந்து பலகையில் படும் முன்பே இவளைத் தன் முதுகால் அடைத்து இடம் பிடித்துவிடுவாள். அக்கா மகள் இரண்டு மூன்று போர்டு ஷாட் அழகாகப் போட்டாள். ஆனாலும் பந்து அவளிடம் வருவதே அரிதாக இருந்தது.

ஒரு கட்டத்தில் அவள் எதிரணி எறிந்த பந்தை ஓங்கி அடித்துக் கோட்டுக்கு வெளியே அனுப்பினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. பயிற்சியாளர் மட்டும், "அடிச்சது சரி, பந்து யார்கிட்ட இருக்கு?" என்று கத்தினார். பந்து மறுபடியும் எதிரணிக்கே போயிருந்தது. டங்கன் தம் வாழ்நாளில் 3,020 எறிதல்களைத் தடுத்தவர். அவர் பந்தைக் கூட்டத்துக்குள் பறக்கவிடுவது அபூர்வம். குதிக்கும் உயரமும் குறைவு. நேராக நிமிர்ந்து, பந்தைத் தொட்டு, தம் ஆட்டக்காரர்கள் எடுக்கும்படி உள்ளேயே விழவிடுவார். அடுத்த நொடி அவருடைய அணி எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியின் சிறப்புக் காட்சிகளில் அது எடுபடாது. லீகின் சிறந்த தற்காப்பு அணிகளில் 15 முறை இடம்பெற்ற அவருக்கு, ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது ஒரு முறைகூடக் கொடுக்கப்படவில்லை. எதிரணி ரசிகனாக இருந்த நான் சொல்கிறேன், அது பெரிய அநியாயம். நேஷ் உள்ளே புகுந்தபின் பந்தை எறியாமல் திரும்ப வெளியே வந்த தருணங்கள் எத்தனையோ. அவற்றுக்கெல்லாம் கணக்கு ஏட்டில் இடமில்லை.

2010இல் சன்ஸ் அணி ஸ்பர்ஸ் அணியை 4–0 என்று வென்றது. கடைசி ஆட்டத்தில் டங்கனின் முழங்கை தற்செயலாகப் பட்டு நேஷின் கண் வீங்கி மூடிக்கொள்ள, தையலோடும் ஒற்றைக் கண்ணோடும் ஆடி அவர் வென்றுகொடுத்தார். அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. அந்த மகிழ்ச்சியின் அளவே டங்கனின் அளவு என்பது இப்போது தெரிகிறது. வேறு எந்த அணியை வென்றிருந்தாலும் அப்படி இருந்திருக்காது.

என் பார்வை திரும்பத் தொடங்கியது 2013 இறுதிச் சுற்றில். ஆறாவது ஆட்டத்தில் மியாமி அணியின் ரே ஆலன் எடுத்த மூன்று புள்ளியால் ஸ்பர்ஸ் கையிலிருந்த கோப்பை நழுவியது. ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், ஆட்டத்தைச் சமன் செய்யக்கூடிய மிக எளிய ஓர் எறிதலை, வாழ்நாளெல்லாம் போட்டுவந்த தூரத்திலிருந்து, டங்கன் தவறவிட்டார். திரும்பி ஓடி வந்து, குனிந்து, இரு கைகளாலும் தரையை அறைந்தார். நான் பல ஆண்டுகளாக விரும்பிய காட்சி அது. பார்த்தபோது தொண்டை அடைத்தது. மறு ஆண்டு, 38 வயதில், அதே மியாமி அணியை 4–1 என்று வென்று தம் ஐந்தாவது கோப்பையை அவர் எடுத்தபோது, மனமார மகிழ்ந்தேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா மகள் அந்த இடதுகைப் பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். "அவ ஒவ்வொரு தடவையும் வலது காலைத்தான் மாமா முதல்ல வைக்குறா. பந்து வர்றதுக்கு முன்னாடியே திரும்பிப் பார்த்து நான் எங்க நிக்குறேன்னு பார்த்துக்குறா. எனக்கு அவளைப் பிடிக்கவே இல்ல." வீட்டுக்கு வந்தும் கூடத்தில் நின்று, சுவரை எதிராளியாக வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் அசைவைச் செய்து காட்டினாள். வலது கால், திரும்பல், முதுகு. எல்லாம் சரியாக வந்தன.

செவ்வாய்க்கிழமை

காலையில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனேன். அடிவாரத்தில் ஆலமரமும் அய்யனார் கோயிலும், தாமரைக் குளமும். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். வெயில் ஏறும் முன் இறங்கிவிட்டேன். மலையின் மேல் காற்றில் உட்கார்ந்து டங்கன் ஓய்வுபெற்ற விதத்தைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர இந்தக் குறிப்புகளில் அதற்கு வேறு வேலை இல்லை.

2016ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் நட்சத்திரமான கோபி பிரையன்ட்டும் அவரும் ஓய்வுபெற்றார்கள். பிரையன்ட்டுக்குப் பருவம் முழுவதும் ஊர் ஊராக வழியனுப்பு விழா நடந்தது. கடைசி ஆட்டத்தில் அவர் 60 புள்ளிகள் எடுத்தார். அதுவும் ஒரு பெருமைதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டங்கனைப் பொறுத்தவரை, ஜூலை 11 அன்று அணியிடமிருந்து ஓர் அறிக்கை வந்தது. செய்தியாளர் கூட்டம்கூட இல்லை. 1,392 ஆட்டங்கள், 26,496 புள்ளிகள், 15,091 ரீபவுண்டுகள், ஐந்து கோப்பைகள், எல்லாம் ஒரே அணிக்காக. இருவரும் 2020ஆம் ஆண்டுக்கான கூடைப்பந்துப் புகழ் மண்டபத்துக்கு ஒரே பட்டியலில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பிரையன்ட் அதற்குள் ஹெலிகாப்டர் விபத்தில் மறைந்திருந்தார்.

மாலை ரயிலேறும் முன் பயிற்சித் திடலுக்குப் போனேன். டங்கனைப் பற்றி அக்கா மகள் சொல்லியிருக்கிறாள் போலும். "ஏதாவது வீடியோ இருந்தா காட்டுங்களேன், பிள்ளைகளும் பார்க்கட்டும்" என்றார் பயிற்சியாளர். 2003 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தைப் போட்டேன். நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு எதிராக, கோப்பையை வென்ற அந்த ஆட்டத்தில் டங்கன் 21 புள்ளி, 20 ரீபவுண்டு, 10 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடை போட உதவிய பாஸ்), 8 தடுப்பு என்று எடுத்திருந்தார். பெண்கள் கைப்பேசியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நான் புள்ளிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பயிற்சியாளர் கையமர்த்திவிட்டு, ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லி, அதே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார்.

"காலைப் பாருங்க" என்றார். "பந்து இன்னும் வரலை. ஆனா கால் ரெண்டும் ஏற்கெனவே திரும்பத் தயாரா நிக்குது. பந்து வந்தபிறகு இந்த ஆள் யோசிக்கவே இல்லை."

அத்தனை ஆண்டுகள் அந்த இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்த நான் கால்களை அப்படிப் பார்த்ததில்லை. அவர் விசிலை ஊதினார். பந்துகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு வரச் சொல்லி, பெண்களைக் கட்டத்தின் இடப்பக்க விளிம்பில் வரிசையாக நிறுத்தி, வெறுங்கையோடு அந்த நிலையில் நிற்கவைத்தார். நான் பெரியார் பேருந்து நிலையத்துக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க வெளியே வந்தபோது, அக்கா மகளின் இடது பாதத்தை ஒரு விரற்கடை உள்ளே திருப்பச் சொல்லி அவர் அதட்டிக்கொண்டிருந்தார்.